சுழலாத பெட்டி

தல்லினில், கோப்லி டிராம் தடத்தில்
நள்ளிரவுக்குமேல் தண்டவாளம் தேய்க்கிறவன் நான்.
முழங்கால்வரை தீப்பொறி.
மார்புப் பையில் பாட்டுப்பெட்டி,
அதனுள் ஒரு தட்டு,
நிமிடத்துக்கு நாலாயிரத்து இருநூறு சுற்று.
எந்திரம் ஆட நான் ஆட பெட்டி ஆட,
தட்டின்மேல் தொட்டும் தொடாமலும் மிதக்கிற முனை மட்டும்
ஆடக்கூடாதாம்.

பதினோரு குளிர்காலம் பொறுத்தது.
பிப்ரவரியில் ஒருநாள்
டிக் என்றது.
கொஞ்சம் கழித்து டிக், டிக்,
பூட்டிய வீட்டை யாரோ
ஒற்றை விரலால் தட்டுகிற மாதிரி.

பால்ட்டி ரயிலடிச் சந்தையில் ஓலெவ் சிரித்தான்:
"ஹார்ட் டிஸ்க்கா? இன்னுமா அதைத் தேடுகிறாய்?
கார்டு போடு."
சுண்டுவிரல் நகமளவு ஒரு மெமரி கார்டு,
அதைச் செருக ஒரு பச்சைப் பலகை.
பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக
பெட்டியை நெம்ப ஒரு பிளாஸ்டிக் சில்லு.

சமையலறை மேசை. வெள்ளைத் துணி விரித்தேன்,
விழுகிற ஸ்க்ரூ தெரியட்டும் என்று.
மூடி லேசில் விடவில்லை.
விட்டபோது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு விட்டது.
நாடாவைப் பிடித்திருக்கும் கறுப்புத் தாழ்ப்பாள்
எறும்புக்கு இமை இருந்தால் அந்த அளவுதான் இருக்கும்.
மூச்சை அடக்கித் தூக்கினேன்.
டிஸ்க் வெளியே வந்தது.
பெட்டியின் கனம் அத்தனையும் அதுவாகவே இருந்திருக்கிறது.

கார்டு உள்ளே போனபின்
மிச்ச இடம் கடகடத்தது.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டு வெட்டி அடைத்தேன்.
கணினியில் இருந்த பாட்டெல்லாம் இரவு முழுக்க ஏறியது.
காலையில் தட்டினேன், உலுக்கினேன்,
ஆள் உயரத்திலிருந்து போட்டேன்
(மெத்தைமேல்தான்).
ஓர் அசைகூடத் தவறவில்லை.
இனி எந்தத் தண்டவாளமும் என்னை ஒன்றும் செய்யாது
என்று ஹெல்வேயிடம் கையசைத்துச் சொன்னேன்.

ஹெல்வேக்கு ஏழு வயதிலிருந்தே காது கேட்காது.
ஞாயிறுகளில் பெட்டியை வாங்கி
அதன் இரும்பு முதுகைக் கழுத்தெலும்பில் வைத்துக்கொள்வாள்.
டிஸ்க் விழிக்கும், சிலிர்க்கும்,
ஐந்தாறு பாட்டை வாரிக்கொண்டு மறுபடி தூங்கும்.
அந்தச் சிலிர்ப்பு வந்ததும் என்னை இடிப்பாள்:
எழுந்துவிட்டது.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று நடந்துகொண்டிருந்தது.
நெம்பும்போது அது எனக்கு நினைவில்லை.

அந்த ஞாயிறும் வைத்துக்கொண்டாள்.
காத்திருந்தாள்.
காபி ஆறியது. டிராம் இரண்டு போயின;
அதன் அதிர்வை ஜன்னலில் தொட்டு,
இல்லை, இது டிராம், என்று தலையாட்டினாள்.
செத்துவிட்டதா? கேட்டன கைகள்.
இல்லை, பாடுகிறது.
என் காதிலிருந்த கம்பியைப்
பொய்சொல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
உள்ளே எதுவும் அசையாது இப்போது, என்றேன்,
அதுதான் இதன் சிறப்பு.
எதுவும் அசையாமல்
எப்படிப் பாடும்?
பதில் சொல்லக் கைகளைத் தூக்கினேன்.
தூக்கியபடியே நின்றேன்.

பழைய டிஸ்க் ஒரு வாரம் ஜன்னலோரம் கிடந்தது,
உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.
வாசிக்க அதனால் ஆகாது. சுழலமட்டும் ஆகும்.
ஓலெவிடம் ஒன்பது யூரோவுக்கு ஓர் உறை வாங்கினேன்.
எதற்கென்று கேட்டான். பொத்தானைப் பார்த்தபடி
சும்மா என்றேன்.

விடியல் ஐந்துக்கு, பொறி வாடையோடு வருகிறேன்.
விளக்கு எரிகிறது. மேசையில்
கணினிக் கம்பியில் கட்டுண்டு சுழல்கிறது அது,
எதையும் கண்டுபிடிக்காமல், மறுபடி தேடிக்கொண்டு.
ஹெல்வேயின் கட்டைவிரல் அதன்மேல்.
டிக். டிக். டிக்.
இடக்கை மட்டும் எழுந்து சொல்கிறது:
இது புதுசு.
என் பையில் பதினெட்டாயிரம் பாட்டு இருக்கிறது.
தேடிப் பார்த்தேன்.
இல்லை.